மெசேஜ் ஸ்ட்ரீம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஜாவாஸ்கிரிப்டில் ஓயாமல் வந்துகொண்டிருக்கும் மெசேஜ்களை (மெசேஜ் ஸ்ட்ரீம்) மேப் (ஒவ்வொன்றையும் மாற்றுவது), ஃபில்ட்டர் (வேண்டியதை மட்டும் விடுவது) போன்ற சின்னச் சின்ன ஃபங்ஷன்களைக் கோத்துக் கையாள உதவும் லைப்ரரிகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். கடிதங்கள் நிறைய வந்தன. கோவையில் ஒரு நிறுவனத்தின் மெசேஜிங் பிரிவில் எனக்குப் பகல் முழுக்க இதே வேலைதான் என்பதால் பல கடிதங்களைப் படிக்கும்போதே கம்ப்யூட்டரைத் திறந்து எழுதிப் பார்த்துவிட்டேன். பலருக்கும் பயன்படும் கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: வெப்சாக்கெட்டில் (பிரவுசருக்கும் சர்வருக்கும் இடையே திறந்தே இருக்கும் இணைப்பு) வரும் மெசேஜை ‘ஆன்மெசேஜ்’ ஃபங்ஷனுக்குள்ளேயே நாலு இஃப் போட்டு முடித்துவிடுகிறேன். நன்றாகத்தான் ஓடுகிறது. இதற்குப் போய் எதற்கு மேடம் ஒரு லைப்ரரி?
(ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்)

நன்றாக ஓடினால் அப்படியே இருக்கட்டும். ஒரே வகை மெசேஜ், வந்ததும் திரையில் ஒரு எண்ணை மாற்ற வேண்டும், அவ்வளவுதான் என்றால் லைப்ரரி தேவையே இல்லை.

ஆனால் அந்த ஃபங்ஷனுக்கு வெளியே எத்தனை ‘லெட்’ வேரியபிள்கள் இருக்கின்றன என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். கடைசியாக வந்த மெசேஜின் ஐடி, ஒரு டைமர், பாதி சேர்த்து வைத்த அரே, ரீகனெக்ட் ஆகிக்கொண்டிருக்கிறதா என்பதற்கு ஒரு ட்ரூ ஃபால்ஸ். இவை சேரச் சேரத்தான் தொல்லை. எந்த மெசேஜ் வந்தபோது எந்த வேரியபிளில் என்ன இருந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. டெஸ்ட் எழுதலாம் என்றால் அதற்கு நிஜமான சாக்கெட் ஒன்று வேண்டியிருக்கிறது.

நான் சொல்லும் முதல் வேலைக்கு லைப்ரரி வேண்டாம். அந்த ஃபங்ஷனை மூன்றாகப் பிரியுங்கள். வந்த ஜேசன் (தகவலை எழுத்தாக அனுப்பும் வடிவம்) எழுத்தை ஆப்ஜெக்ட் ஆக்குவது ஒன்று. இது நமக்கு வேண்டிய மெசேஜா என்று பார்த்து ஆம், இல்லை சொல்வது இன்னொன்று. பழைய நிலையையும் புது மெசேஜையும் வாங்கிக்கொண்டு புது நிலையைத் திருப்பித் தருவது மூன்றாவது. மூன்றும் வெளியே எதையும் தொடக் கூடாது. கொடுத்ததை வாங்கி விடையைத் தந்தால் போதும். முதலாவது மேப்புக்குள் போகும், இரண்டாவது ஃபில்ட்டருக்குள், மூன்றாவது ரிட்யூஸுக்குள். அரேயில் இவை 2009-ல் வந்த எக்மாஸ்கிரிப்ட் 5 காலத்திலிருந்தே இருக்கின்றன, உங்களுக்குப் பழக்கமானவைதான்.

அரே என்றால் எல்லாம் ஒரே நேரத்தில் கையில் இருக்கும். மெசேஜோ அதற்குத் தோன்றிய நேரத்தில் ஒவ்வொன்றாக வரும். அந்த வித்தியாசத்தைச் சமாளித்துக் கொடுப்பதுதான் லைப்ரரியின் வேலை. ரிட்யூஸுக்கு அங்கே ‘ஸ்கேன்’ என்று பெயர். கடைசி விடை வரட்டும் என்று காத்திருக்காமல் ஒவ்வொரு மெசேஜுக்கும் அப்போதைய நிலையை வெளியே விடும். உங்கள் லெட் வேரியபிள்களில் பெரும்பாலானவை அந்த ஸ்கேனுக்குள் போய் அடங்கிவிடும்.

கேள்வி: அக்கா, ஆர்எக்ஸ்ஜேஎஸ் (RxJS, மெசேஜ் ஸ்ட்ரீம்களுக்கான லைப்ரரி) படிக்கிறேன். மெர்ஜ்மேப், கன்காட்மேப், ஸ்விட்ச்மேப், எக்ஸாஸ்ட்மேப் நாலுக்கும் என்ன வித்தியாசம் என்று எவ்வளவு வாசித்தும் விளங்கவில்லை.
(யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மாணவி)

நாலையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டாம், தங்கச்சி. ஒரே கேள்விக்கு நாலு பதில்கள் அவை. முந்தைய மெசேஜுக்கான வேலை இன்னும் முடியவில்லை, அதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது. இப்போது என்ன செய்வது?

இரண்டையும் சேர்த்தே ஓட்டு என்பது மெர்ஜ்மேப். வரிசையில் நில் என்பது கன்காட்மேப். பழையதை விட்டுவிட்டுப் புதியதைப் பிடி என்பது ஸ்விட்ச்மேப். கையில் இருப்பது முடியும்வரை வருவதைக் கண்டுகொள்ளாதே என்பது எக்ஸாஸ்ட்மேப்.

தேடல் பெட்டியில் ஒருவர் ‘யாழ்’ என்று அடிக்கிறார், சர்வரிலிருந்து பதில் வருவதற்குள் ‘யாழ்ப்பாணம்’ என்று முடித்துவிடுகிறார். முதல் தேடலின் விடை இனி யாருக்கும் வேண்டாம், எனவே ஸ்விட்ச்மேப். நிறையப் படங்களை அப்லோட் செய்ய வேண்டும், எது முதலில் முடிந்தாலும் சரி என்றால் மெர்ஜ்மேப். அதில் ஒரே நேரத்தில் எத்தனை ஓடலாம் என்று ஓர் எண்ணும் கொடுக்க முடியும், மறக்காமல் கொடுங்கள். பணம் செலுத்தும் பட்டனை அவசரத்தில் இரண்டு தடவை அழுத்துகிறார்கள் என்றால் எக்ஸாஸ்ட்மேப். கணக்கில் வரவு, பிறகு செலவு, வரிசை மாறவே கூடாது என்றால் கன்காட்மேப்.

ஒன்றை மட்டும் அடிக்கோடிட்டுக்கொள்ளவும். தகவலைச் சேமிக்கிற வேலைக்கு ஸ்விட்ச்மேப்பைப் போடக் கூடாது. ‘பழையதை விட்டுவிடும்’ என்றால் உங்கள் பிரவுசர் அந்த ரிக்வெஸ்டைக் கைவிடும், அவ்வளவுதான். அது ஏற்கெனவே சர்வருக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் அங்கே வேலை நடந்தே தீரும், உங்களுக்குப் பதில் மட்டும் வராது. சேமித்ததா இல்லையா என்று தெரியாமல் நிற்பீர்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரிப் பேருந்துகள் எங்கே வருகின்றன என்று வரைபடத்தில் காட்டும் பக்கம் ஒன்றை நானும் நண்பர்களும் செய்தோம். ஒவ்வொரு பேருந்தும் நொடிக்கு ஒரு மெசேஜ் அனுப்பும். ஒவ்வொன்றுக்கும் கன்காட்மேப் மூலம் சர்வரில் கேட்டு ஊர்ப்பெயரைக் காட்டுகிறோம். முதல் ஐந்து நிமிடம் சரியாக இருக்கிறது. அப்புறம் பேருந்து பார்வதிபுரத்தைத் தாண்டிய பிறகும் வரைபடத்தில் வடசேரியிலேயே நிற்கிறது. கடைசியில் பக்கமே உறைந்துவிடுகிறது.
(நாகர்கோவிலிலிருந்து ஒரு மாணவர்)

இந்த மாதம் வந்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான், ஏனென்றால் மெசேஜ் ஸ்ட்ரீம் என்ற விஷயத்தின் மையமே இங்கேதான் இருக்கிறது. மேப், ஃபில்ட்டர் எல்லாம் எளிது. வருகிற வேகம் முடிக்கிற வேகத்தைவிடக் கூடும்போது மிச்சம் எங்கே போய் நிற்கிறது என்பதுதான் கஷ்டமான பகுதி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 பேருந்துகள் என்றால் நொடிக்கு 20 மெசேஜ். ஊர்ப்பெயர் கேட்டு வர அரை நொடி என்றால், வரிசையாக நொடிக்கு 2 முடியும். பாக்கி 18. ஒரு நிமிடத்தில் 1,080, ஐந்து நிமிடத்தில் 5,400. கன்காட்மேப் இவற்றையெல்லாம் ஒரு க்யூவில் போட்டு வைத்திருக்கிறது, அந்த க்யூவுக்கு எல்லை கிடையாது. பேருந்து வடசேரியில் நிற்பதாகத் தெரிவதற்கும் இதுதான் காரணம். நீங்கள் பார்ப்பது க்யூவின் முன்னால் நிற்கும் பழைய மெசேஜ். மெர்ஜ்மேப்பில் ஒரே நேரத்தில் 4 என்று எண் கொடுத்தாலும் மீதி அதே போலத்தான் உள்ளே சேரும். ஆர்எக்ஸ்ஜேஎஸ் தள்ளுகிற வகை. அனுப்புகிறவரைப் பார்த்து ‘கொஞ்சம் பொறு’ என்று சொல்ல அதற்குள் வழி இல்லை. மடையை அடைக்க ஆளில்லாத வாய்க்கால் அது. பிரவுசரின் வழக்கமான வெப்சாக்கெட்டிலும் வரும் மெசேஜை நிறுத்தி வைக்கும் வசதி இல்லை. ‘பஃபர்டுஅமவுன்ட்’ என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள், அது நாம் அனுப்புவதற்கானது.

அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி, எந்த மெசேஜைத் தூக்கிப் போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை என்பது. உங்களுக்கு அதிர்ஷ்டம், விடை தெளிவாக இருக்கிறது. மூன்று நொடிக்கு முன்னால் பேருந்து எங்கே இருந்தது என்பது யாருக்கும் வேண்டாம். எனவே முதலில் குரூப்பை (groupBy) என்ற ஆபரேட்டரால் (ஸ்ட்ரீமைக் கையாளும் ஃபங்ஷன்) பேருந்து எண்ணை வைத்துத் தனித்தனி ஸ்ட்ரீமாகப் பிரியுங்கள். இதைச் செய்யாமல் மொத்த ஸ்ட்ரீமையும் வடிகட்டினால் ஒரு பேருந்தின் மெசேஜ் இன்னொன்றின் மெசேஜை விழுங்கிவிடும். பிறகு ஒவ்வொரு பேருந்தின் ஸ்ட்ரீமிலும் ஆடிட்டைம் 3 நொடி போடுங்கள். மூன்று நொடிக்கு ஒருமுறை அப்போதிருக்கும் கடைசி நிலையை மட்டும் அது வெளியே விடும்.

இந்த இடத்தில் பலர் பழக்க தோஷத்தில் டிபவுன்ஸ்டைம் போடுவார்கள். போட்டால் திரையில் ஒன்றுமே வராது. டிபவுன்ஸ் அமைதிக்காகக் காத்திருக்கும், நொடிக்கு ஒன்று வரும் ஸ்ட்ரீமில் மூன்று நொடி அமைதி எங்கே கிடைக்கப் போகிறது? பேருந்து ஜிபிஎஸ்ஸை அணைத்தால்தான் கிடைக்கும்.

சரி, அதற்கு அடுத்து ஊர்ப்பெயர் கேட்கும் வேலைக்கு எந்த மேப்? ஸ்விட்ச்மேப் என்று தோன்றும். சர்வர் மந்தமாகி ஒரு பதிலுக்கு நாலு நொடி எடுத்தால், மூன்று நொடிக்கு ஒருமுறை புது மெசேஜ் வந்து பழையதைக் கலைத்துக்கொண்டே இருக்கும். ஒரு பதில்கூட முடிவுக்கு வராது. எக்ஸாஸ்ட்மேப் போட்டால் ஓடுகிற கேள்வி முடியும், இடையில் வந்தது போகும், அடுத்த மூன்று நொடியில் புதியது வரும். உங்கள் வேலைக்கு அதுதான் சரி. கடைசியாக இருபது ஸ்ட்ரீம்களையும் வெளியே மெர்ஜ்மேப்பால் ஒன்றாக்கிவிடுங்கள். பேருந்தின் நிலையை வரைபடத்தில் நகர்த்துவதை இந்த ஊர்ப்பெயர் வேலையோடு கட்டிப்போடாதீர்கள். புள்ளி உடனே நகரட்டும், பெயர் மெதுவாக வரட்டும்.

இன்னொரு விஷயம், நாளைக்கு உதவும். குரூப்பை ஒரு தடவை பார்த்த எண்ணுக்கான ஸ்ட்ரீமைத் தானாக மூடாது. பேருந்துகள் இருபதுதான் என்பதால் இங்கே கவலையில்லை. இதையே பயணிகளின் ஐடிக்குச் செய்தால் குழுக்கள் சேர்ந்துகொண்டே போகும். அங்கே எவ்வளவு நேரத்துக்குப் பிறகு மூட வேண்டும் என்பதையும் அதற்குச் சொல்லித் தர வேண்டும்.

கேள்வி: பின்னலாடை மெஷின்களிலிருந்து எம்க்யூடிடி (மெஷின்கள் மெசேஜ் அனுப்பும் ஒரு முறை) வழியாக மெசேஜ் வாங்குகிறோம். ஏதோ ஒரு மெஷின் தப்பான ஜேசன் அனுப்பினால் போதும், அதற்குப் பிறகு எந்த மெஷினின் மெசேஜும் திரைக்கு வருவதில்லை. கேட்ச்எரர் (பிழையைப் பிடிக்கும் ஆபரேட்டர்) போட்டுத்தான் இருக்கிறேன்.
(திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்)

கேட்ச்எரர் போட்டிருக்கிறீர்கள், ஆனால் கடைசியில் போட்டிருக்கிறீர்கள். ஒரு அப்சர்வபிளில் (ஆர்எக்ஸில் ஸ்ட்ரீமின் பெயர்) பிழை வந்தால் அதன் கதை அங்கேயே முடிந்தது. அடியில் இருக்கும் கேட்ச்எரர் மாற்று மதிப்பு ஒன்றைத் தந்துவிட்டு மூடிக்கொள்ளும். மேலே இருந்த ஸ்ட்ரீம் திரும்ப உயிர் பெறாது.

என் வழி வேறு. பார்ஸ் செய்யும் ஃபங்ஷனைப் பிழையை வீசவே விடாதீர்கள். ட்ரை, கேட்ச் இரண்டும் அதற்குள்ளேயே இருக்கட்டும். வெளியே வருவது எப்போதும் ஓர் ஆப்ஜெக்ட்: ஒன்று ‘சரி, இதோ தகவல்’ அல்லது ‘தவறு, இதோ காரணம், இதோ வந்த மூல மெசேஜ்’. பிழையும் ஒரு மதிப்பாகிவிட்டால் ஸ்ட்ரீம் உடையாது. சரியானவற்றை ஒரு ஃபில்ட்டரால் திரைக்கு அனுப்புங்கள், தவறானவற்றை இன்னொன்றால் தனி டாப்பிக்குக்கு (மெசேஜ்களைப் பிரித்து வைக்கும் பெயர்) அனுப்பிச் சேமியுங்கள். இரண்டாவதை விட்டுவிடாதீர்கள். தப்பான மெசேஜை அப்படியே வைத்திருந்தால்தான் எந்த மெஷின், எந்த மென்பொருள், என்ன அனுப்புகிறது என்று மறுநாள் போய்ப் பார்க்க முடியும். உற்பத்திக் கணக்கு அந்த மெஷினில் வேலை செய்கிறவரின் கூலிக் கணக்கும்கூட. அவர் பின்னியது உங்கள் ஸ்ட்ரீமில் காணாமல் போகக் கூடாது.

சர்வருக்குப் போய் வரும் வேலைகளில் பிழை வரத்தான் செய்யும். அங்கே கேட்ச்எரரை மெர்ஜ்மேப்பின் உள்ளே, அந்த ஒரு ரிக்வெஸ்டுக்கு மட்டும் போடுங்கள். வெளி ஸ்ட்ரீமுக்கு அந்தப் பிழை தெரியவே வேண்டாம்.

கேள்வி: நோட் ஜேஎஸ்ஸில் (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவது) காஃப்காஜேஎஸ் (காஃப்கா என்ற மெசேஜ் அமைப்புக்கான லைப்ரரி) பயன்படுத்துகிறோம். ஒவ்வொரு மெசேஜையும் ஒரு ஆர்எக்ஸ் சப்ஜெக்டுக்குள் (வெளியிலிருந்து மெசேஜைப் போடக்கூடிய ஸ்ட்ரீம்) தள்ளிவிட்டு மீதியை ஆபரேட்டர்களால் செய்கிறோம். சில மெசேஜ்கள் இரண்டு முறை வருகின்றன. டிஸ்டிங்க்ட் (ஒருமுறை வந்ததை மறுபடி விடாத ஆபரேட்டர்) போட்டோம், மெமரி ஏறிக்கொண்டே போகிறது.
(சென்னையிலிருந்து ஒரு வாசகி)

இரண்டு முறை வருவதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உங்கள் கடிதத்தின் இரண்டாவது வாக்கியத்தில் இருக்கிறது. முதலில் அதைப் பார்ப்போம்.

காஃப்காவில் எதுவரை படித்தோம் என்பதை ஆஃப்செட் என்ற எண் சொல்லும். காஃப்காஜேஎஸ்ஸில் ‘ஈச்மெசேஜ்’ ஃபங்ஷன் பிழையில்லாமல் முடிந்துவிட்டால் அந்த மெசேஜின் வேலை முடிந்தது என்று பொருள். அந்த ஆஃப்செட்டை அது கமிட் செய்யலாம், அதாவது ‘இதுவரை முடிந்தது’ என்று காஃப்காவில் பதியலாம். நீங்களோ மெசேஜை சப்ஜெக்டுக்குள் போட்டுவிட்டு உடனே திரும்பிவிடுகிறீர்கள். வேலை அப்போதுதான் எங்கோ ஒரு மெர்ஜ்மேப்பில் ஆரம்பித்திருக்கிறது. காஃப்காவுக்குத் தெரிந்தவரை அது முடிந்துவிட்டது. அந்த நேரத்தில் ப்ராசஸ் விழுந்தால் மெசேஜ் போனது போனதுதான், திரும்ப வராது. எங்கேயும் பிழையும் பதிவாகாது. மெசேஜ் தொலைவதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. அது ஒருவர் கட்டிய பணமாக இருக்கலாம், ஒருவரின் ரத்தப் பரிசோதனை முடிவாக இருக்கலாம்.

எனவே சப்ஜெக்டை எடுத்துவிடுங்கள். ஈச்மெசேஜ் ஒரு ப்ராமிஸைத் (பிறகு வரப்போகும் விடையைக் குறிக்கும் ஆப்ஜெக்ட்) திருப்பித் தரட்டும், உண்மையான வேலை முடிந்த பிறகு அந்த ப்ராமிஸ் நிறைவேறட்டும். காஃப்கா இயல்பிலேயே இழுத்து வாங்குகிற வகை. நீங்கள் காத்திருக்கும்வரை மெசேஜ்கள் ப்ரோக்கரின் (காஃப்கா சர்வர்) டிஸ்கில் பத்திரமாக இருக்கும், உங்கள் மெமரியில் குவியாது. உங்கள் அழகான மேப், ஃபில்ட்டர் ஃபங்ஷன்கள் எல்லாவற்றையும் ஈச்மெசேஜுக்குள் அப்படியே கோத்துப் பயன்படுத்தலாம், அவற்றுக்கு ஆர்எக்ஸ் வேண்டியதில்லை. வேகம் வேண்டுமென்றால் ஒரே நேரத்தில் எத்தனை பார்ட்டிஷன்களை (டாப்பிக்கின் பகுதிகள்) படிக்கலாம் என்று காஃப்காஜேஎஸ்ஸிலேயே ஓர் அமைப்பு இருக்கிறது. ஒரே கீ உள்ள மெசேஜ்கள் ஒரே பார்ட்டிஷனில் வரிசையாக வருவதால் அப்படிச் செய்தாலும் வரிசை கெடாது. நடுவில் மெர்ஜ்மேப் வைத்தால் கெட்டுவிடும்.

இப்போது இரட்டை மெசேஜ். வேலையை முடித்துவிட்டு, ஆஃப்செட்டை கமிட் செய்வதற்குள் ப்ராசஸ் விழுந்தால் அந்த மெசேஜ் மறுபடி வரும். ஒரு மெசேஜுக்கு அதிக நேரம் எடுத்து ஹார்ட்பீட் (‘உயிரோடு இருக்கிறேன்’ என்ற அறிவிப்பு) தவறினாலும் பார்ட்டிஷன் வேறு கன்ஸ்யூமருக்கு (மெசேஜ் படிக்கும் ப்ராசஸ்) போய் அதே மெசேஜ் அங்கே வரும். இது கோளாறில்லை. குறைந்தது ஒரு முறையாவது வந்து சேரும் என்ற உறுதிக்குக் கொடுக்கும் விலை. டிஸ்டிங்க்ட் தான் பார்த்த எல்லாக் கீகளையும் ஒரு செட்டில் வைத்திருக்கும், அதனால்தான் மெமரி ஏறுகிறது. அதைவிட முக்கியம், ப்ராசஸ் விழுந்து எழுந்தால் அந்த செட் காலி. இரட்டை மெசேஜ் வருவதே பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான். டிஸ்டிங்க்ட்அன்டில்சேஞ்ச்டு போடலாமே என்று கேட்க வேண்டாம், அது ஒட்டி முன்னால் வந்ததோடு மட்டுமே ஒப்பிடும்.

இந்த வேலையை டேட்டாபேஸிடம் கொடுங்கள். மெசேஜ் ஐடிக்கு யுனிக் கீ வைத்து, மெசேஜால் வரும் மாற்றத்தையும் அந்த ஐடியையும் ஒரே ட்ரான்ஸாக்‌ஷனில் எழுதுங்கள். இரண்டாவது முறை வந்தால் ஐடி ஏற்கெனவே இருக்கும், பேசாமல் அடுத்ததற்குப் போகலாம்.

கேள்வி: ஆர்எக்ஸ்ஜேஎஸ் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. சின்னதாக, ஃபங்ஷனல் முறையில் நல்ல லைப்ரரி எது? நாமே எழுதிக்கொள்ள முடியுமா?
(திருச்சியிலிருந்து ஒரு வாசகர்)

முடியும். எழுதித்தான் பாருங்கள் என்று சொல்வேன். அதற்கு முன்னால் மற்றவர்கள் எழுதியதைப் பார்த்துவிடலாம்.

ஆர்எக்ஸ் மைக்ரோசாஃப்டில் எரிக் மேயரின் குழுவிலிருந்து டாட்நெட்டுக்காகப் பிறந்தது. பிறகு ஜாவாஸ்கிரிப்டுக்கு வந்தது, வலைப்பக்கங்கள் கட்டும் ஆங்குலர் ஃப்ரேம்வொர்க் அதை எடுத்துக்கொண்டதால் ஊரெல்லாம் பரவியது. பின்லாந்தின் யுஹா பானனன் எழுதிய பேக்கன் ஜேஎஸ், நிகழ்வுகளை ஒரு வகையாகவும் ‘இப்போதைய மதிப்பு’ உள்ளவற்றை இன்னொரு வகையாகவும் பிரித்து வைத்தது, அந்தப் பிரிவினை எனக்கு இன்றும் பிடிக்கும். காலன் மக்மஹனின் ஹைலேண்ட், நோட் ஸ்ட்ரீம்களோடு ஒட்டி உறவாடும். பிரையன் கவலியரின் மோஸ்ட் வேகத்துக்குப் பெயர் பெற்றது. ஆந்த்ரே ஸ்டால்ட்ஸ் எழுதிய எக்ஸ்ஸ்ட்ரீம், ஆபரேட்டர்களை வேண்டுமென்றே குறைவாக வைத்துக்கொண்டது.

இவற்றில் நீங்கள் உட்கார்ந்து வரி வரியாகப் படிக்க வேண்டியது டொமினிக் டார் எழுதிய புல் ஸ்ட்ரீம். அதில் கிளாஸ் இல்லை. ஒரு மூலம் என்பது வெறும் ஃபங்ஷன். ‘நிறுத்தவா?’ என்பது ஒரு ஆர்க்யுமென்ட், ‘பதிலை இதில் சொல்’ என்ற கால்பேக் (callback, பிறகு அழைக்கப்படும் ஃபங்ஷன்) இன்னொன்று. கேட்டால் ஒரு மெசேஜ் வரும், கேட்காவிட்டால் வராது. நாகர்கோவில் மாணவருக்கு வந்த பிரச்சினை இந்த அமைப்புக்குள் தோன்றவே முடியாது, ஏனென்றால் வாங்குகிறவர் கேட்காமல் எதுவும் நகராது. பின்னாளில் ஆந்த்ரே ஸ்டால்ட்ஸ் இதே சிந்தனையைத் தள்ளுவது, இழுப்பது இரண்டுக்கும் பொதுவாக்கி கால்பேக்ஸ் (callbags, மேலே சொன்ன callback அல்ல) என்ற வரையறை ஒன்றைத் தந்தார். 0 என்றால் ஆரம்பம், 1 என்றால் தகவல், 2 என்றால் முடிவு. மொத்த வரையறையும் இந்த மூன்று எண்களைச் சுற்றித்தான்.

இப்போது நாமே எழுதுவோம். 2018-ல் அசிங்க் ஜெனரேட்டரும் (காத்திருந்து மதிப்புகளை ஒவ்வொன்றாகத் தரும் ஃபங்ஷன்) ஃபார் அவெயிட்டும் (அவற்றை ஒவ்வொன்றாக வாங்கும் லூப்) மொழிக்குள்ளேயே வந்துவிட்டதால் வேலை சுலபம். மேப் எழுத இரண்டு அடுக்கு போதும். வெளி ஃபங்ஷன், மாற்ற வேண்டிய முறையை வாங்கும். அது திருப்பித் தருவது ஓர் அசிங்க் ஜெனரேட்டர், அது மூலத்தை வாங்கிக்கொண்டு, ஃபார் அவெயிட்டில் ஒவ்வொன்றாக எடுத்து, மாற்றி, யீல்ட் செய்யும், அதாவது வெளியே தரும். ஃபில்ட்டரும் அதே, நடுவில் ஓர் இஃப். முதல் சிலவற்றை மட்டும் எடுக்கும் டேக்கும் அதே, ஓர் எண்ணிக்கை. பைப் என்பது மூலத்தில் தொடங்கி ஃபங்ஷன்களின் அரேயை ரிட்யூஸ் செய்வது, ஒரே வரி.

முறை முதலில், மூலம் கடைசியில் என்ற இந்த வரிசையில் ஒரு வசதி இருக்கிறது. மூலம் எதுவென்று தெரியாமலே மொத்தக் குழாயையும் கட்டி ஒரு பெயர் வைத்துவிடலாம். நிஜத்தில் அதற்கு காஃப்காவைக் கொடுக்கலாம், டெஸ்டில் மூன்று மெசேஜ் உள்ள சாதாரண அரேயைக் கொடுக்கலாம். ஃபார் அவெயிட் அரேயையும் ஏற்றுக்கொள்ளும்.

மூடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. வாங்குகிறவர் ஃபார் அவெயிட்டை நடுவில் பிரேக் செய்தால், ஜெனரேட்டரின் ஃபைனலி பகுதி ஓடும். கனெக்‌ஷனை மூடும் வரியை அங்கே வைத்தால், எத்தனை மேப், ஃபில்ட்டர் நடுவில் இருந்தாலும் மூலம் வரை அந்தச் செய்தி போய்ச் சேரும். சின்ன லைப்ரரிகளைப் பார்க்கும்போது நான் முதலில் சோதிப்பது இதைத்தான்: டேக் 1 போட்டுவிட்டு, மூலம் மூடிக்கொண்டதா என்று பார்ப்பேன்.

எங்கே நிறுத்த வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். ‘100 சேர்ந்தால் அனுப்பு’ என்ற பேட்ச் எளிது. ‘100 சேர்ந்தால் அல்லது 2 நொடி ஆனால் அனுப்பு’ என்றதும் கதை மாறும். அடுத்த மெசேஜுக்கான ப்ராமிஸையும் டைமரையும் ஓடவிட்டு, டைமர் ஜெயித்தால் பாதியில் நிற்கும் ப்ராமிஸை அடுத்த சுற்றுக்குப் பத்திரமாக எடுத்துப் போக வேண்டும். அதைப் புதிதாகக் கேட்டால் ஒரு மெசேஜ் போய்விடும். வெப்சாக்கெட்டை ஜெனரேட்டருக்குள் கொண்டுவர நடுவில் ஒரு க்யூவும் வேண்டும், அதற்கு எல்லை என்ன, நிரம்பினால் எதை விடுவது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த அளவுக்கு வந்துவிட்டால் ஆர்எக்ஸின் உடன்பிறப்பான ஐஎக்ஸ்ஜேஎஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள், அசிங்க் இட்டரேட்டர்களுக்கென்றே (காத்திருந்து ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கும் மூலங்கள்) எழுதப்பட்டது. நோட் ஸ்ட்ரீமுக்கு மட்டும் என்றால் ரீடபிளிலேயே (நோட்டின் படிக்கும் ஸ்ட்ரீம்) மேப், ஃபில்ட்டர் வந்துவிட்டன, ஒரே நேரத்தில் எத்தனை என்ற எண்ணும் கொடுக்கலாம். சாதாரண இட்டரேட்டர்களுக்கு எக்மாஸ்கிரிப்ட் 2025-ல் மேப், ஃபில்ட்டர், டேக் எல்லாம் சேர்ந்துவிட்டன.

கேள்வி: ஆங்குலரில் பக்கம் மாறிய பிறகும் பழைய சப்ஸ்கிரிப்ஷன் (ஸ்ட்ரீமைக் கேட்டுக்கொண்டிருப்பது) ஓடிக்கொண்டிருக்கிறது. டேக்அன்டில் (சொன்ன நிகழ்வு வந்ததும் ஸ்ட்ரீமை நிறுத்தும் ஆபரேட்டர்) போட்டும் பயனில்லை.
(பெங்களூரிலிருந்து ஒரு வாசகர்)

டேக்அன்டில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதற்குக் கீழே ஸ்விட்ச்மேப்போ மெர்ஜ்மேப்போ இருந்தால், வெளி ஸ்ட்ரீம் நின்றாலும் உள்ளே ஓடுவது ஓடும். அதைக் கடைசிக்குக் கொண்டுவாருங்கள். மேலே எங்காவது ஷேர்ரீப்ளே (ஒரே ஸ்ட்ரீமைப் பலர் பகிர உதவும் ஆபரேட்டர்) 1 என்று வெறுமனே எழுதியிருக்கிறதா என்றும் தேடுங்கள். ரெஃப்கவுன்ட்டை ட்ரூ என்று கொடுக்காவிட்டால், கேட்பவர் யாரும் இல்லாதபோதும் அது மூலத்தை விடாமல் பிடித்திருக்கும். ஆங்குலர் 16 முதல் டேக்அன்டில்டெஸ்ட்ராய்டு (பக்கத்தின் பகுதி அழியும்போது தானே நிறுத்துவது) இருக்கிறது, புது கோடில் அதையே எழுதுங்கள்.

கேள்வி: கல்லூரியில் ஃபங்ஷனல் புரோகிராமிங் வைத்து ஸ்ட்ரீம் பாடம் நடத்த வேண்டும். மோனாட், ஃபங்க்டர் என்று தொடங்கினால் மாணவர்கள் மிரளுகிறார்கள். எங்கே தொடங்கலாம்?
(பாளையங்கோட்டையிலிருந்து ஓர் ஆசிரியை)

அரேயில் தொடங்குங்கள், டீச்சர். அந்தப் பெயர்கள் பிறகு வரட்டும். பத்து மெசேஜ் உள்ள ஒரு அரேயைக் கொடுங்கள். அதில் ஒன்று உடைந்த ஜேசன், ஒன்று இரண்டு தடவை வந்தது, இரண்டு வரிசை மாறி வந்தவை. இந்தப் பத்திலிருந்து சரியான மொத்தத் தொகையைக் கணக்கிட வேண்டும், எந்த ஃபங்ஷனும் வெளியே இருக்கும் வேரியபிளைத் தொடக் கூடாது. இதுதான் முதல் வகுப்பு. இரண்டு மேப்களை அடுத்தடுத்துப் போடுவதும், இரண்டு முறைகளையும் சேர்த்து ஒரே மேப்பாகப் போடுவதும் ஒரே விடையைத் தருகின்றனவா என்று அவர்களையே ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபங்க்டர் விதிகளில் ஒன்று அதுதான், பெயர் சொல்லாமலே வந்துவிடும்.

இரண்டாவது வகுப்பில் அதே பத்து மெசேஜை ஓர் அசிங்க் ஜெனரேட்டர் வழியாக, ஒவ்வொன்றுக்கும் இடையே கொஞ்சம் நேரம் விட்டு அனுப்புங்கள். மேப், ஃபில்ட்டர் இரண்டையும் மட்டும் மாற்றிக்கொள்ளலாம், தங்கள் சொந்த ஃபங்ஷன்களில் ஓர் எழுத்தையும் தொடக் கூடாது என்று நிபந்தனை வையுங்கள். மாற்ற வேண்டிவந்த ஃபங்ஷனைப் பலகையில் எழுதி, அது எதற்காக வெளியே கை நீட்டியது என்று வகுப்பு முழுக்கச் சேர்ந்து தேடட்டும். நேரம் சம்பந்தப்பட்ட டெஸ்டுகளுக்கு ஆர்எக்ஸ்ஜேஎஸ்ஸின் டெஸ்ட்ஷெட்யூலர் போதும். ஒரு சிறு கோடு என்றால் ஒரு மில்லிநொடி, செங்குத்துக் கோடு என்றால் முடிவு என்று ஸ்ட்ரீமை ஒரே வரியில் வரைந்து கொடுக்கலாம். மூன்று நொடி ஆடிட்டைமைச் சோதிக்க மூன்று நொடி காத்திருக்கத் தேவையில்லை. லேபில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் இன்டர்நெட் இல்லாவிட்டாலும் நடக்கும், நோட் மட்டும் முன்கூட்டியே இன்ஸ்டால் செய்து, ஆர்எக்ஸ்ஜேஎஸ் ஃபோல்டரை ஒரு பென்டிரைவில் எடுத்துப் போங்கள்.